யாருடைய உண்மை? ஐவி லீயும் அவருடைய மூன்று கிளையன்ட்களும்



தமிழ்ப் பட டைட்டிலில் 'மக்கள் தொடர்பு' என்று போட்டு ஒரு பெயர் வரும், பார்த்திருப்பீங்க. பேச்சில் நாம பி.ஆர்.ஓ. என்போம். இன்னைக்கு சினிமாவுக்கு மட்டும் இல்ல. ஆஸ்பத்திரி, கல்லூரி, ரியல் எஸ்டேட் கம்பெனி, அரசியல் கட்சி என்று எல்லாருக்கும் பி.ஆர். பார்த்துக் கொடுக்க ஆட்கள் இருக்காங்க. இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமான ஒருத்தரைப் பற்றித்தான் இந்த எபிசோட்.

அவர் பெயர் ஐவி லெட்பெட்டர் லீ. அமெரிக்கர். இந்தப் பெயரை நீங்க வேற இடத்தில் கேட்டிருக்கலாம். 'நாளைக்குச் செய்ய வேண்டிய ஆறு வேலைகளை ராத்திரியே வரிசையா எழுதி வைங்க' என்று யூடியூபில் ஒரு டிப்ஸ் சுத்துது, அதுக்கு 'ஐவி லீ மெத்தட்' என்றே பெயர். பெத்லஹேம் ஸ்டீல் முதலாளி சார்லஸ் ஷ்வாப்புக்கு இதைச் சொல்லிக்கொடுத்து 25,000 டாலர் செக் வாங்கினார் என்பது கதை. அதை ஒரு பக்கம் வைப்போம். அவர் வாழ்க்கை முழுக்கப் பார்த்த வேலை வேற. பெரிய கம்பெனிகளுக்கும் பொதுமக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுகிற வேலை.

அந்த வேலையில் ஒரு கேள்வி அவரைக் கடைசி வரைக்கும் விடவே இல்ல. கிளையன்ட் சொல்வதை வெளியே கொண்டு போய்ச் சொல்வதா, இல்ல வெளியே இருக்கிற நிலைமையை கிளையன்டிடம் வந்து சொல்வதா? ரெண்டும் ஒரே வேலை மாதிரி தெரியும். ஆனா ரெண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை அவருடைய மூன்று கிளையன்ட்களை வைத்துப் பார்க்கலாம்.

வாய் திறக்காத முதலாளிகள்

லீ 1877-ல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். அப்பா மெத்தடிஸ்ட் பாதிரியார். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு, நியூயார்க்கில் பத்திரிகை நிருபராக வேலை பார்த்தார். நிருபராக இருந்ததால் அவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: பெரிய கம்பெனிகளின் கதவு பத்திரிகைக்காரர்களுக்குத் திறக்காது.

அதுக்குப் பெரிய உதாரணம் 1902-ல் நடந்தது. பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மே மாதம் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தக் காலத்தில் குளிருக்கு வீட்டைச் சூடாக்குவதே அந்த நிலக்கரிதான். குளிர்காலம் நெருங்க நெருங்க நாடே பதறியது. தொழிற்சங்கத் தலைவர் ஜான் மிட்செல் நிருபர்களைக் கூப்பிட்டு வைத்துப் பொறுமையாகப் பேசினார். முதலாளிகள் தரப்பின் தலைவர் ஜார்ஜ் பேயர் பேச மறுத்தார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கூப்பிட்டு உட்கார வைத்தபோதுகூட இறங்கி வரல.

பேயர் எழுதிய ஒரு கடிதம் மட்டும் பத்திரிகைகளுக்குக் கிடைத்தது. தொழிலாளர்களின் நலனைப் பார்த்துக்கொள்ள வேண்டியது கிளர்ச்சி செய்பவர்கள் இல்ல, சொத்துகளின் பொறுப்பைக் கடவுள் யாரிடம் ஒப்படைத்திருக்கிறாரோ அந்தக் கிறிஸ்தவ கனவான்கள்தான் என்பது அதன் சாரம். நாடு முழுக்க சிரிப்பா சிரித்தது. கடைசியில் தொழிலாளர்களுக்கு 10 சதவீதக் கூலி உயர்வு கிடைத்தது.

நாலு வருஷம் கழித்து, 1906-ல் மறுபடி வேலைநிறுத்தச் சூழல். இந்த முறை முதலாளிகள் ஒரு ஆளை வேலைக்கு வைத்தார்கள். 'பார்க்கர் அண்ட் லீ' என்ற சின்ன நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த நம்ம ஐவி லீயைத்தான்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு அறிக்கை

லீ பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன அறிக்கை அனுப்பினார். இன்னைக்கும் மக்கள் தொடர்பு படிப்புகளில் 'கொள்கைப் பிரகடனம்' என்று பாடமாக வைக்கிறார்கள். அதன் சாரம் இதுதான். நாங்கள் ரகசியமாக வேலை செய்யும் அலுவலகம் இல்லை, எல்லாம் வெளிப்படை. நாங்கள் கொடுப்பது செய்தி, விளம்பரம் இல்லை. இது விளம்பரம் என்று நீங்கள் நினைத்தால் போட வேண்டாம். எங்கள் தகவல் சரியானது. எதையாவது சரிபார்க்க நினைத்தால் சந்தோஷமாக உதவுவோம்.

அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். பத்திரிகைக்காரருக்கு இலவச ரயில் பாஸ் கொடுப்பது, விளம்பரக் காசைக் காட்டி செய்தியை அமுக்குவது என்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனா கடைசி வரியைக் கொஞ்சம் கவனிங்க. ஆசிரியர் சரிபார்க்க விரும்பினால் உதவுவோம் என்கிறார். 'எங்கள் தகவல் சரியானது' என்கிறார். அது சரிதான் என்று யார் பார்த்தார்கள்? கிளையன்ட் கொடுத்ததை லீ பார்த்தாரா? அறிக்கையில் அதுக்கு பதில் இல்ல. இந்த ஓட்டைதான் எட்டு வருஷம் கழித்து அவரைக் கவிழ்த்தது.

முதல் கிளையன்ட்: கேட்டு நடந்த ரயில்வே

அதே 1906-ல் பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியும் லீயிடம் வந்தது. அப்போது ரயில் கம்பெனிகளுக்கு ஒரு பழக்கம். விபத்து நடந்தால் நிருபர்களைப் பக்கத்திலேயே விட மாட்டார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஊர் என்ன செய்யும்? வதந்தியை நம்பும்.

1906 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. அட்லாண்டிக் சிட்டி பக்கத்தில் ஒரு திறப்புப் பாலம். கப்பல் போகத் திறந்து மூடுகிற பாலம். பென்சில்வேனியா கம்பெனியின் கிளை ரயில்பாதையில் வந்த மூன்று பெட்டி மின்சார ரயில், அந்தப் பாலத்தில் தடம் புரண்டு தண்ணீருக்குள் போனது. 53 பேர் இறந்தார்கள்.

லீ கம்பெனியை ஒத்துக்கொள்ள வைத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கு வரவிட்டார்கள். கம்பெனிக்குத் தெரிந்த விவரங்களை எழுத்தில் கொடுத்தார்கள். அந்த அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. இன்னைக்கு நாம பிரஸ் ரிலீஸ் என்று சொல்கிற செய்திக் குறிப்பின் ஆரம்பமாக அதைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

இங்கே லீயின் சாமர்த்தியம் அந்தக் குறிப்பை எழுதியதில் இல்ல. எழுதுவதை யாரும் எழுதலாம். காலம் காலமாக மறைத்தே பழகின அதிகாரிகளிடம் 'மறைக்காதீங்க' என்று சொல்லி, அவர்களைச் சம்மதிக்க வைத்ததுதான் வேலை. அவர் வெளியே சொல்வதற்கு முன்னால் உள்ளே சொன்னார். கிளையன்ட் கேட்டது. உறவு நிலைத்தது. 1912-ல் லீ அந்தக் கம்பெனி தலைவரின் நிர்வாக உதவியாளராகவே போய்ச் சேர்ந்தார்.

இரண்டாவது கிளையன்ட்: ராக்ஃபெல்லர்

1913 செப்டம்பரில் கொலராடோ மாநிலத்தில் நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அங்கே பெரிய கம்பெனி 'கொலராடோ ஃப்யூவல் அண்ட் அயர்ன்'. அதன் பெரும்பங்கு ராக்ஃபெல்லர் குடும்பத்திடம். தொழிலாளர்கள் குடியிருந்ததே கம்பெனி வீடுகளில்தான். வேலைநிறுத்தம் என்றதும் வீட்டை விட்டு வெளியே போகவேண்டி வந்தது. கிரேக்கர்கள், இத்தாலியர்கள், மெக்சிகர்கள் என்று பல தேசத்து ஆட்கள் குடும்பத்தோடு லட்லோ என்ற இடத்தில் கூடாரம் போட்டுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

1914 ஏப்ரல் 20. மாநிலக் காவல்படைக்கும் தொழிலாளர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை. சாயங்காலம் கூடாரங்கள் தீப்பிடித்து எரிந்தன. குண்டுக்குப் பயந்து ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சு முட்டிச் செத்துப்போனார்கள்.

நாடு கொதித்தது. அத்தனை கோபமும் நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் மேல் திரும்பியது. அவர் கொலராடோ பக்கம் போயே பத்து வருஷம் ஆகியிருந்தது. என்னையும் என் அப்பாவையும் மக்கள் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள், எங்கள் பக்கத்தை எப்படி விளக்குவது என்று அவர் லீயிடம் கேட்டார். மாதம் 1,000 டாலர் என்று பேசி, ரயில்வே வேலையில் இருந்தபடியே லீ இதை ஏற்றுக்கொண்டார்.

கேள்வி வந்த விதத்தைப் பாருங்க. 'அங்கே என்ன நடந்தது?' என்று கிளையன்ட் கேட்கல. 'எங்களை எப்படிப் புரிய வைப்பது?' என்று கேட்கிறார். இந்தத் துறையில் வேலை செய்கிற நேயர்களுக்கு இது பழக்கமான வசனமாத்தான் இருக்கும்.

லீ என்ன செய்தார்? 'கொலராடோவில் தொழில் சுதந்திரத்துக்கான போராட்டம் பற்றிய உண்மைகள்' என்ற தலைப்பில் வரிசையாகச் சிறு வெளியீடுகள் தயாரித்தார். பத்திரிகை ஆசிரியர்கள், பாதிரியார்கள், ஆசிரியர்கள், அதிகாரிகள் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவை தபாலில் போயின. அச்சில் இருந்தது சுரங்க முதலாளிகள் குழுவின் பெயர். லீயின் பெயர் எங்கேயும் இல்ல. அவர் தயாரித்தது கிழக்கே ஃபிலடெல்ஃபியாவில். தபாலில் சேர்த்தது கொலராடோவின் டென்வரில். எட்டு வருஷம் முன்னால் 'எல்லாம் வெளிப்படை' என்று எழுதின அதே கைதான்.

உள்ளே இருந்த தகவலும் கோளாறு. தொழிற்சங்கத் தலைவர்கள் கொள்ளை கொள்ளையாகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று ஒரு கணக்கு போட்டிருந்தார்கள். அவர்கள் ஒரு வருஷத்தில் வாங்கிய பணத்தை ஒன்பது வாரத்தில் வாங்கியதாகக் காட்டிய கணக்கு அது. தப்பு என்று சுட்டிக்காட்டிய பிறகும் திருத்தம் வர மாதக்கணக்கில் ஆனது. அதுக்குள்ள அந்தக் கணக்கு ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆணையத்தின் முன்னால்

1915-ல் தொழிலுறவு ஆணையம் லீயை விசாரித்தது. தலைவர் ஃப்ராங்க் வால்ஷ். வக்கீல். கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. இந்த விவரங்கள் எங்கிருந்து வந்தன? சுரங்க நிர்வாகிகளிடமிருந்து. சரியா என்று நீங்கள் பார்த்தீர்களா? இல்லை. கிளையன்ட் கொடுத்ததைத்தான் போட்டேன் என்பதுதான் அவர் பதிலின் சாரம்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு எழுத்தாளர்கள் சும்மா விடல. நாவலாசிரியர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'பாய்சன் ஐவி' என்று பட்டம் வைத்தார். பாய்சன் ஐவி, தொட்டாலே அரித்துத் தடித்துவிடுகிற ஒரு கொடி. பெயரோடு பொருந்திப்போனதால் சாகும்வரை ஒட்டிக்கொண்டது. கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் 'கூலிக்குப் பொய் சொல்கிறவர்' என்ற அர்த்தத்தில் கட்டுரையே எழுதினார்.

யாரும் பார்க்காத கடிதம்

இதோடு நிறுத்தினால் கதை சுலபம்: லீ மோசமானவர், முடிந்தது. ஆனா இன்னொரு பக்கம் இருக்கு.

1914 ஆகஸ்டில் லீ கொலராடோவுக்கு நேரில் போனார். சுரங்கங்களைப் பார்த்தார், ஆட்களிடம் பேசினார். திரும்பி வந்து ராக்ஃபெல்லருக்குத் தனிப்பட்ட முறையில் எழுதினார். தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஒரு வழி வேண்டும், அதைக் கேட்டுத் தீர்க்க ஒரு ஏற்பாடு சீக்கிரம் வேண்டும் என்பது அதில் முக்கியம்.

யோசிச்சுப் பாருங்க. வெளியே போன வெளியீடுகள் 'அங்கே பிரச்சினையே வெளியாட்கள் கிளப்பியது' என்கின்றன. அதே ஆள் உள்ளே அனுப்பிய கடிதம் 'அங்கே நிஜமாகவே குறை இருக்கு' என்கிறது. அவர் செய்த வேலையிலேயே உருப்படியானது அந்தக் கடிதம்தான். ஆனா வெளியீடுகள்தான் ஊருக்குத் தெரிந்தது.

ராக்ஃபெல்லர் ஜூனியர் மெதுவாக மாறினார். அதில் லீக்கு மட்டும் பங்கு என்று சொல்ல முடியாது. பின்னாளில் கனடா பிரதமரான மெக்கன்சி கிங்கைத் தொழிலுறவு ஆலோசகராக வைத்துக்கொண்டார். அவருடைய பங்கு பெரியது. 1915 செப்டம்பரில் ராக்ஃபெல்லர் கொலராடோவுக்குப் போனார். சுரங்க உடுப்பு போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார், தொழிலாளர்களோடு சாப்பிட்டார், ஒரு விருந்தில் அவர்கள் மனைவிமாரோடு நடனம் ஆடினார். தொழிலாளர்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து நிர்வாகத்தோடு பேசும் திட்டம் ஒன்று வந்தது.

இதையும் பொங்கல் வைத்துக் கொண்டாட வேண்டியதில்ல. அந்தத் திட்டத்தில் சுதந்திரமான தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் கிடையாது. கம்பெனியே நடத்துகிற சங்கம். அப்படிப்பட்ட சங்கங்களை 1935-ல் வாக்னர் சட்டம் தடை செய்தது. ஆனாலும் கேள்வி மாறியது பாருங்க. 'எங்களை எப்படிப் புரிய வைப்பது' என்பதிலிருந்து 'நாங்க என்ன மாத்தணும்' என்ற இடத்துக்கு கிளையன்ட் கொஞ்சமாவது நகர்ந்தார். லீக்கும் ராக்ஃபெல்லர் குடும்பத்துக்குமான உறவு லீ இறக்கும் வரை இருபது வருஷம் நீடித்தது.

மூன்றாவது கிளையன்ட்: கேட்காத இடம்

அடுத்த இருபது வருஷத்தில் லீ அமெரிக்காவின் பெரிய முதலாளிகள் பலருக்கும் ஆலோசகர். லட்லோ ஞாபகம் மங்கிக்கொண்டே வந்தது. அப்போது ஜெர்மனியின் மாபெரும் ரசாயன நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பன் வந்தது. முதலில் அதன் அமெரிக்கக் கிளைக்கு வேலை. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு, ஜெர்மன் தாய்க் கம்பெனிக்கே வருஷம் 25,000 டாலருக்கு ஆலோசனை.

காகிதத்தில் கிளையன்ட் ஒரு கம்பெனி. ஆனா கம்பெனி கேட்டது சாயம், மருந்து விற்க யோசனை இல்ல. ஜெர்மனி மேல் அமெரிக்காவில் இருக்கும் வெறுப்பை எப்படிக் குறைப்பது என்பதுதான் கேள்வி. தான் சொல்வது அரசாங்கம் வரை போகும் என்று லீக்குத் தெரியும். 1934 தொடக்கத்தில் அவரே ஜெர்மனி போய் ஹிட்லரையும் கோயபல்ஸையும் சந்தித்தார்.

அவர் சொன்ன ஆலோசனையில் நேர்மையான பகுதியும் இருந்தது. யூதர்களை நடத்தும் விதத்தை அமெரிக்கர்கள் ஒருநாளும் ஏற்க மாட்டார்கள் என்றார். அமெரிக்காவில் ஜெர்மன் பிரச்சாரம் செய்வது தப்பு, நிறுத்துங்கள் என்றார். ஆனா கூடவே, ஜெர்மானியத் தலைவர்கள் வெளியே என்ன பேசலாம் என்று வாசகமும் எழுதிக் கொடுத்தார். அதில் நாஜி அதிரடிப் படை பற்றி ஒரு வரி: 25 லட்சம் பேர், ஆனா ஆயுதம் இல்லாதவர்கள், போருக்குத் தயாரிக்கப்படாதவர்கள், கம்யூனிஸ்ட் ஆபத்தைத் தடுக்க மட்டுமே இருப்பவர்கள்.

கொலராடோ ஞாபகம் வருதா? ஒன்பது வாரச் சம்பளக் கணக்கு? அதே தப்புதான். கிளையன்ட் தரப்பு விவரம், அப்படியே வாசகமாகிறது.

1934 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸின் குழு ஒன்று அவரை மூடிய அறையில் விசாரித்தது. ஜூலையில் வாக்குமூலம் வெளியானது. தலைப்புச் செய்தி. நான் அமெரிக்காவில் எந்தப் பிரச்சாரமும் பரப்பல, ஆலோசனைதான் சொன்னேன் என்பது அவர் வாதம். அது பொய் இல்ல. ஆனா யாரும் கேட்கத் தயாராக இல்ல. மூளையில் கட்டி வந்து நோயாளியாக இருந்த லீ, அதே வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி 57 வயதில் இறந்தார். வெளிநாட்டு அரசுகளுக்காக அமெரிக்காவில் வேலை செய்பவர்கள் தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1938-ல் வந்தது. அதுக்குப் பின்னணியாக இருந்த விசாரணைகளில் லீயுடையதும் ஒன்று.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்

ரயில்வே, ராக்ஃபெல்லர், ஃபார்பன். மூன்று இடத்திலும் ஒரே ஆள், ஒரே திறமை. மாறியது ஒன்றுதான்: உள்ளே சொன்னதை கிளையன்ட் காதில் போட்டுக்கொண்டாரா?

ரயில்வே கேட்டது, அதனால் வெளியே சொன்னதில் உண்மை இருந்தது. ராக்ஃபெல்லர் தாமதமாகக் கேட்டார். அதுக்குள்ள வெளியே போனது பொய்யாகிவிட்டது. ஜெர்மனியில் கேட்க யாருமே இல்ல. 'யூதர்களை இப்படி நடத்தாதீங்க, எடுபடாது' என்ற வரி அங்கே குப்பைக்குப் போனது. 'அதிரடிப் படைக்கு ஆயுதம் இல்ல' என்ற வரி மட்டும் அவர்களுக்கு உபயோகப்பட்டது. நல்ல ஆலோசனையையும் கெட்ட வாசகத்தையும் ஒரே பில்லில் கொடுத்தால், கிளையன்ட் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார்.

'நான் சும்மா ஆலோசகர்தான், முடிவு அவங்களோடது' என்பது இந்தத் தொழிலில் பழைய சமாதானம். லீயின் கதையில் அது இரண்டு தடவை விசாரணை மேசையில் எடுபடாமல் போனது. காரணம் எளிது. கிளையன்ட் சொல்கிற விவரத்துக்கு ஆலோசகர் தன் பெயரின் நம்பிக்கையைக் கடன் கொடுக்கிறார். மாதக் கட்டணம் அதுக்காகத்தான். அப்படியிருக்க, அந்த விவரம் சரியா என்று பார்க்கிற வேலை மட்டும் எப்படி அடுத்தவருடையதாகும்?

பி.ஆர். வேலையில் இருக்கிற நண்பர்கள் நிறைய பேர் நம்ம நேயர்களாக இருக்கீங்க. புது கிளையன்ட் வந்து உட்கார்ந்ததும் 'எங்களை ஜனங்க தப்பா நினைக்கறாங்க' என்றுதான் ஆரம்பிப்பார். அப்போது இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்க. நீங்கள் கொடுக்கும் விவரத்தை நான் நேரில் போய்ச் சரிபார்க்கலாமா? ஏதாவது குறை தெரிந்தால் அதை நீங்கள் மாற்றுவீர்களா? முதல் கேள்விக்கே முகம் மாறினால், மிச்சத்தை நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

லீ கொலராடோவுக்குப் போனது வெளியீடுகள் பாதி அச்சாகி முடிந்த பிறகு. முன்னாடியே போயிருந்தால், அந்தக் கடிதம்தான் முதல் வெளியீட்டுக்கு முன்னால் ராக்ஃபெல்லர் மேசைக்குப் போயிருக்கும்.